திங்கள், புதன், வெள்ளி

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். மரக்காணத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சுலோசனா அக்காவைப் பற்றிச் சொல்லும்போது நடுவில் யாரையாவது திட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் என்னைத்தான் திட்டிக்கொண்டிருப்பேன்.

நான் ஜெயசீலன். மரக்காணத்தைத் தாண்டி பாண்டிச்சேரி போகிற வழியில், உப்பளத்தை ஒட்டி ஓர் உப்பு ஃபாக்டரி இருக்கிறது. பாத்தியில் வாரிய கல் உப்பை அரைத்து, அயோடின் கலந்து, பாக்கெட் போடுகிற இடம். அங்கே பதினெட்டு வருஷமாக எலக்ட்ரீஷியன். மாதா கோவில் திருவிழாவுக்கு சீரியல் செட் போடுகிறவனும் நான்தான். ஒரு வருஷம்கூட ஒரு பல்பு அணைந்ததில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு. அந்தத் திமிரால்தான் இந்தக் கதையே.

சுலோசனா அக்கா எங்கள் ஃபாக்டரியில் டெஸ்டிங். வயது நாற்பத்தெட்டு. ஒவ்வொரு லோடிலும் அயோடின் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து எழுதுகிற வேலை. உப்பைக் கரைப்பார், ஆசிட் விடுவார், கரைசல் மஞ்சளாகும். கண்ணாடிக் குழாயிலிருந்து ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார். நடுவில் ஸ்டார்ச் ஊற்றினால் கருநீலமாகிவிடும். அந்த நீலம் மறைகிற ஒரே சொட்டில் கையை நிறுத்த வேண்டும். ஒரே லோடை மூன்று தடவை பார்ப்பார். மூன்றும் ஒத்துப்போனால்தான் பேனாவை எடுப்பார். ஒத்துப்போகவில்லை என்றால் லாரிக்காரன் வாசலில் நின்று ஹாரன் அடித்தாலும் சரி, நான்காவது தடவை பார்ப்பார். லோடிங் ஆட்கள் அவருக்கு 'ரீடிங் அக்கா' என்று பேர் வைத்திருந்தார்கள். பாசத்தில் வைத்த பேர் இல்லை அது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள். லாரியில் மூட்டை ஏற்றி, தார்ப்பாயும் கட்டியாகிவிட்டது. ரீடிங் இருபத்திரண்டு வந்தது. முப்பதுக்குக் கீழே போகக் கூடாது. மேனேஜர் வெங்கடாசலம் சார் லேபுக்கே வந்துவிட்டார்.

"முப்பதுன்னு போடும்மா. எட்டு பாயின்ட்ல யாரு சாகப் போறான்?"

"நான் போடறது இல்ல சார். அது காட்டுது, நான் எழுதறேன்."

அவ்வளவுதான் சொன்னார். லாரியில் ஏற்றிய மொத்த மூட்டையும் இறங்கியது. அன்றைக்கு லோடிங் ஆட்கள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அடுத்த மாதமே அதிகாரிகள் திடீரென்று வந்து சாம்பிள் எடுத்துப் போனார்கள். எங்கள் உப்பு பாஸ் ஆனது. அதிலிருந்து வெங்கடாசலம் சார் அந்த அம்மாளிடம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்.

அக்காவின் வீட்டுக்காரர் நடராசன் அண்ணன். இருபத்திரண்டு வருஷம் உப்பு லாரி ஓட்டியவர். சுகரும் பிரஷரும் சேர்ந்து அவருடைய கிட்னி இரண்டையும் முடித்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, பாண்டிச்சேரியில் டயாலிசிஸ். மத்தியானம் இரண்டு மணிக்குப் படுத்தால் ஆறு மணிக்கு எழுந்திருக்கலாம். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு மேல் கூடாது. உப்பு கூடவே கூடாது. "இந்த ஜில்லாவுக்கே உப்பு ஏத்தினவன் நான். எனக்கு ஒரு சிட்டிகை கிடையாதாம், பாத்தியாப்பா?" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

முதலில் பஸ்ஸில்தான் போய் வந்தார்கள். போகும்போது தொந்தரவு இல்லை. திரும்பும்போதுதான் கஷ்டம். நான்கு மணி நேரம் ரத்தம் மெஷினில் ஓடி வந்த உடம்பு, பிரஷர் இறங்கித் துணி மாதிரி துவண்டுபோகும். ஒரு நாள் பாண்டி பஸ் ஸ்டாண்டில் அப்படியே சரிந்துவிட்டார். அக்கா ஒற்றை ஆளாகத் தாங்கிப் பிடித்திருக்கிறார். சுற்றி நின்றவர்கள் 'குடிகாரன்' என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்ந்திருக்கிறார்கள். ஒரு புண்ணியவான், "இவனையெல்லாம் ஏம்மா கூட்டிட்டு வர்றே" என்று புத்தி வேறு சொல்லியிருக்கிறான். மறுநாள் லேபில் இதைச் சொன்னபோது அக்கா அழவில்லை. கண்ணாடிக் குழாயைக் கழுவிக்கொண்டே சொன்னார். கழுவிய குழாயையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம்தான் கார். சென்னையில் டாக்சியாக ஓடிக் களைத்துப்போன ஒரு எலக்ட்ரிக் கார். வெள்ளை நிறம். கதவில் பழைய கம்பெனி ஸ்டிக்கரைப் பிய்த்த தழும்பு இருக்கும். வாரத்தில் மூன்று தடவை பெட்ரோல் போட்டுப் பாண்டி போய் வர வசதி உள்ள குடும்பம் இல்லை அது. இந்த வண்டியோ பேட்டரி சோர்ந்துபோனதால் மலிவாகக் கிடைத்தது. ஃபுல் சார்ஜ் போட்டால் நூறு கிலோமீட்டர் ஓடும். பாண்டி போய்த் திரும்ப எழுபத்தைந்து ஆகும். ஒரு நாள் சார்ஜ் ஏறாவிட்டால் மறுநாள் பயணம் இல்லை.

நாற்பத்தேழு வயதில் அக்கா லைசென்ஸ் எடுத்தார். சொல்லிக்கொடுத்தது நடராசன் அண்ணன்தான், பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு. "பிரேக்கை மெதுவா மிதிடி. கல்யாணத்துல அம்மி மிதிச்ச மாதிரி மிதிக்கற!" என்று அவர் கத்துவது ரோட்டில் போகிறவர்களுக்கே கேட்கும். "சத்தமே வரலியே, வண்டி ஓடுதா தூங்குதா?" என்று என்னிடம் கேட்பார். அக்கா பதில் பேசமாட்டார். இண்டிகேட்டர் போட்டுவிட்டு மூன்று தடவை கண்ணாடியைப் பார்ப்பார்.

வீட்டில் சார்ஜ் போட வழியில்லை. வாடகை வீடு, மாடி போர்ஷன், கார் நிற்பது தெருவில். ஒரு தடவை ஜன்னல் வழியாக வயரை இறக்கிப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் சுவர் சாக்கெட் உருகி நாற்றம் வந்துவிட்டது. வீட்டு ஓனர் தெய்வசிகாமணி மாடிப்படியில் நின்று கத்தினார். "குடியிருக்கத்தான் வீடு கொடுத்தேன். காருக்குக் கரண்ட் ஊட்டறதுக்கு இல்ல!" அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த வீட்டு வயரிங்கை நான் பார்த்திருக்கிறேன். பொம்மையார்பாளையம் பக்கம் ஒரு ஓட்டலில் சார்ஜிங் பாயிண்ட் இருக்கிறது என்று போனில் காட்டும். நேரில் போனால் பூட்டுத் தொங்கும்.

கடைசியில் ஃபாக்டரியிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாமா என்று அக்கா வெங்கடாசலம் சாரிடம் கேட்டார். பகலில் மட்டும், ஃபாக்டரிக் கூரையில் இருக்கிற சோலார் ஓடுகிற நேரத்தில் மட்டும் என்று சார் ஒத்துக்கொண்டார். அந்தக் கரண்டுக்கு மாதாமாதம் சம்பளத்தில் ஒரு தொகை பிடித்துக்கொள்வதாகப் பேச்சு. "ஆனா ஒரு பிரச்சனைன்னு வந்துச்சுன்னா அன்னைக்கே நிறுத்திடுவேன், பார்த்துக்கம்மா" என்று சேர்த்துச் சொன்னார். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் அக்கா காலை ஏழுக்கே வந்து சாயங்காலம் ஐந்து வரை இருப்பார். மற்ற மூன்று நாளும் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார். பேக்கிங் ரூம் சுவருக்கு வெளியே பெரிய பிளக் பாயிண்ட் ஒன்றை நானே போட்டுக் கொடுத்தேன்.

ஐந்து மாதம் எல்லாம் ஒழுங்காகப் போனது. காலையில் வண்டியை நிறுத்துவார். டிக்கியிலிருந்து சார்ஜர் வயரை எடுப்பார். வயர் நடுவில் ஒரு பெட்டி இருக்கும். அதில் பச்சை எரிந்தால் சார்ஜ் ஏறுகிறது, சிவப்பு எரிந்தால் இல்லை. பச்சை எரிகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் லேபுக்குப் போவார். டயாலிசிஸ் நாட்களில் நடராசன் அண்ணன் முன் சீட்டில் மகாராஜா மாதிரி சாய்ந்துகொண்டு போவார். திரும்பும்போது பின் சீட்டில் நீட்டிப் படுத்துக்கொண்டு வருவார். யாரும் அவரைக் குடிகாரன் என்று சொல்லவில்லை.

வைகாசியில் ஒரு திங்கட்கிழமை சிவப்பு எரிந்தது.

"தம்பி, கொஞ்சம் வாங்க. ஏற மாட்டேங்குது" என்று அக்கா வந்து நின்றார். போய்ப் பார்த்தேன். கரண்ட் சரியாக வந்தது. மறுநாள் செவ்வாய். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆரோவில்லில் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ரிப்பேர் செய்கிற என் சித்தப்பா மகன் ரெக்ஸுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, எர்த்து போயிருக்கும். அந்தப் பொட்டி எர்த்து இல்லன்னா ஏத்தாது. தோண்டிப் பாரு" என்றான்.

எனக்கு வந்ததே கோபம்! "நேத்து பொறந்தவன் நீ, எனக்கு எர்த்து சொல்லித் தர்றியா? போனை வைடா!"

எர்த் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மெஷினில் கரண்ட் கசிந்தால் அதை ஆள் மேல் பாயவிடாமல் மண்ணுக்குள் இறக்கிவிடுகிற வழி அது. பூமியில் குழி தோண்டி, கம்பியை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் கொட்டி மூடுவார்கள். உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கும். இந்த ஃபாக்டரி கட்டும்போது கான்ட்ராக்டர் குழி தோண்ட ஆள் கேட்டார். நான்தான் சிரித்தேன். "உப்பளத்து மண்ணுக்கு உப்பு வாங்கிப் போடறதா? ஆளை விடுங்க." ஓர் இரும்புக் குழாயை அப்படியே சேற்றில் அடித்து இறக்கினேன். மீட்டர் வைத்துப் பார்த்தால் பிரமாதமான ரீடிங். திண்டிவனம் வரைக்கும் இப்படி ஓர் எர்த் கிடையாது என்று பெருமை பேசினேன். அதற்கப்புறம் ஒரு நாள்கூட அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. உப்பு இரும்பைத் தின்னும் என்பது எங்கள் ஊரில் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். சைக்கிள் வாங்கினால் இரண்டு வருஷத்தில் மட்கார்டு உதிர்கிற ஊர். அப்படி இருந்தும் மண்ணுக்குள் போன இரும்பை மட்டும் உப்பு விட்டுவிடும் என்று நான் நினைத்திருக்கிறேன்.

தோண்டிப் பார்ப்பதற்கு பதிலாக நான் என்ன செய்தேன்? பிளக் பாயிண்டைக் கழற்றினேன். உள்ளே கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் முனையையும் எர்த் முனையையும் இரண்டு அங்குல வயரால் சேர்த்துக் கட்டினேன். அப்படிச் செய்தால் பெட்டி ஏமாந்துபோகும். எர்த் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். செய்யக் கூடாத வேலை என்று எனக்குத் தெரியும். எல்லா எலக்ட்ரீஷியனுக்கும் தெரியும்.

பச்சை எரிந்தது.

"என்ன தம்பி ஆச்சு?"

"ஒண்ணும் இல்லக்கா. லூஸ் கனெக்ஷன்."

அக்கா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். மறுநாள் சாயங்காலம் பாண்டியிலிருந்து எனக்காக ஒரு டப்பா பால்கோவா வாங்கி வந்தார். அதையும் வாங்கித் தின்றேன்.

ஆடி பிறந்தது. பேக்கிங் ரூமில் பிரியங்கா என்று ஒரு பெண். பாக்கெட் ஒட்டுகிற மெஷினில் நிற்பாள். ஒரு நாள் என்னிடம் வந்து, "அண்ணா, மெஷின்ல கை வெச்சா சுருக்குங்குது" என்றாள். உப்பு ஈரக் கையோடு, வெறுங்காலோடு நிற்கிற பெண்கள். "செருப்பு போட்டுக்கிட்டு நில்லும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடி சொன்னாள். "உனக்கு மட்டும்தான் சுருக்குங்குதா?" என்று எரிந்து விழுந்தேன். அதற்குமேல் அவள் என்னிடம் வரவில்லை. டீ குடிக்கிற நேரத்தில் சுலோசனா அக்காவிடம் சொல்லியிருக்கிறாள்.

அக்கா அவளைத் திட்டவில்லை. "எந்தெந்த நாள்ல?" என்று கேட்டிருக்கிறார். அவளுக்கு ஞாபகம் இல்லை. அன்றிலிருந்து தினமும் வீட்டுக்குக் கிளம்பும் முன் பிரியங்காவைக் கூப்பிட்டு, "இன்னைக்கு?" என்று கேட்டு, டெஸ்டிங் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்திருக்கிறார். இரண்டு வாரம். புள்ளிகள் எல்லாம் திங்களிலும் புதனிலும் வெள்ளியிலும் விழுந்தன.

அந்த மூன்று நாளும் என்ன நாள் என்று அவருக்குத் தெரியாதா? ஃபாக்டரியில் வேறு யாருக்கும் தோன்றியிருக்காது. அவர் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டிருந்தால் கதை முடிந்தது.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை பத்து மணிக்கு என்னிடம் வந்தார். "மீட்டர் எடுத்துக்கிட்டு வாங்க தம்பி" என்றார். கார் வெளியே சார்ஜில் இருந்தது. மீட்டரின் ஒரு முனையை மெஷின் உடம்பிலும் இன்னொன்றை ஈரத் தரையிலும் வைக்கச் சொன்னார். வைத்தேன். நாற்பத்தேழு வோல்ட். அக்கா வெளியே போய்க் காரின் பிளக்கைப் பிடுங்கினார். ரீடிங் இரண்டுக்கு இறங்கியது. மறுபடி சொருகினார். நாற்பத்தாறு.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. அந்த நியூட்ரல் வயர் பெரிய போர்டில் சேருகிற ஜாயின்ட் உப்புக் காற்றில் பச்சை பிடித்துப்போயிருக்க வேண்டும். கார் இழுக்கிற கரண்ட் திரும்பிப் போக வழி சரியில்லாமல், நான் கட்டிய இரண்டு அங்குல வயர் வழியாக எர்த் லைனில் ஏறி, அந்த லைனில் இருக்கிற எல்லா மெஷின் மேலும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

"அக்கா, மீட்டர் பேட்டரி வீக்கா இருக்குது போல" என்றேன்.

"மூணாவது தடவை பார்க்கலாம்" என்றார்.

மூன்றாவது தடவையும் நாற்பத்தேழு. பிடுங்கினால் இரண்டு. மூன்றும் ஒத்துப்போய்விட்டது. அக்கா என்னை வெளியே கார் பக்கத்துக்குக் கூட்டிப் போனார்.

"அன்னைக்கு என்ன பண்ணீங்க?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன். பொய் சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை.

"அந்த ஜாயின்ட் ஒரேயடியா விட்டுப்போச்சுன்னா?"

நான் பிளக் பாயிண்டைப் பார்த்தேன்.

"சொல்லுங்க தம்பி."

"முழு கரண்டும் மெஷின்ல வரும்க்கா."

அவர் ஜன்னல் வழியாகப் பேக்கிங் ரூமைப் பார்த்தார். பன்னிரண்டு பெண்கள். பிரியங்கா மெஷினில் கை படாமல் பாக்கெட்டை முழங்கையால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

காரில் முப்பத்துநான்கு சதவீதம் இருந்தது. மறுநாள் செவ்வாய். நான் கெஞ்சினேன். அவருக்காகவும் கெஞ்சினேன், என் வேலைக்காகவும் கெஞ்சினேன். எது எவ்வளவு என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "இன்னைக்கு ஒரு நாள் ஏறட்டும்க்கா. மெஷினை நான் ஏதாவது சொல்லி நிறுத்தி வெக்கிறேன். நாளைக்கு அண்ணனைக் கூட்டிட்டுப் போய்ட்டு வந்துடுங்க. அப்புறம் நான் ராவோட ராவா தோண்டி எல்லாத்தையும் சரி பண்ணிடறேன். யாருக்கும் தெரிய வேணாம்."

"எட்டு பாயின்ட்ல யாரு சாகப் போறான்னு சொல்றீங்க" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா காரின் பானெட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றார். உப்புக் குவியல் மேல் வெயில் அடித்துக் கண் கூசியது. "அவருக்கு பஸ்ஸு ஆகாது தம்பி" என்றார். குரல் உடைந்துவிட்டது. பதினெட்டு வருஷத்தில் அவர் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அப்புறம் பிளக்கைப் பிடுங்கினார். வயரை வளையம் வளையமாகச் சுற்றினார். டிக்கியில் வைத்துப் பூட்டினார். நோட்டை எடுத்துக்கொண்டு வெங்கடாசலம் சார் ரூமுக்கு நடந்தார்.

சார் அடுத்த நிமிஷமே மெயினை அணைக்கச் சொன்னார். பெண்களை வீட்டுக்கு அனுப்பினார். என்னைப் பார்த்து, "யோவ், நீ எலக்ட்ரீஷியனா எமனா?" என்று கேட்டார். வேலையை விட்டு அனுப்பவில்லை. குழியை யார் தோண்டுவது? பிறகு அக்கா பக்கம் திரும்பி, "அந்த வண்டி இனிமே இங்க சார்ஜ் போடக் கூடாது" என்றார்.

"சரிங்க சார். எர்த்து சரியானதும் ரீடிங் எடுத்துக் காட்டறேன். அப்புறம் நீங்க சொல்லுங்க."

சார் நோட்டை மூடி அவர் கையில் கொடுத்தார்.

மறுநாள் காலை பழைய குழாயைத் தோண்டினேன். ஓரடிக்குக் கீழே கையில் எடுத்தால் அப்பளமாக நொறுங்கியது. மிச்சம் ஒன்றுமே இல்லை. மத்தியானம் நடராசன் அண்ணன் ஷேர் ஆட்டோவில் ஃபாக்டரி வாசலுக்கு வந்து இறங்கினார். அங்கேதான் பாண்டி பஸ் நிற்கும். குழிக்குள் இடுப்பளவு நின்றுகொண்டிருந்த என்னை எட்டிப் பார்த்தார்.

"என்ன ஜெயசீலா, எனக்கா தோண்டற? கொஞ்சம் பொறுத்துக்கப்பா, இன்னும் நாள் இருக்குது."

"அண்ணே!" என்றேன். அவர் பாட்டுக்குச் சிரித்தார். அக்கா அவர் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் ரெக்ஸுக்குப் போன் செய்தேன். "நீ சொன்னதுதான்டா சரி" என்று சொல்வதற்குள் நாக்கு ஒட்டிக்கொண்டது. அவன் சிரிக்கவில்லை. செம்புக் கம்பியும் ஏதோ ஒரு களிமண் பவுடரும் வாங்கிக்கொண்டு வருவதாகச் சொன்னான். உப்பு ஒரு பிடிகூடப் போடக் கூடாது என்றான். வேலை ஏழெட்டு நாள் இழுத்தது. நான்கடியில் உப்புத் தண்ணீர் ஊறிக் குழி சரிந்துகொண்டே இருந்தது. மேட்டில் வேறு இடம் பார்த்து மறுபடி தோண்டினோம்.

செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் எப்படிப் போய் வந்தார்கள் என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. சனிக்கிழமை நானே கூடப் போனேன். வேண்டாம் என்று அக்கா சொன்னார். கேட்காமல் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

டயாலிசிஸ் முடிந்து ஆறரை மணிக்கு பாண்டி பஸ் ஸ்டாண்ட். சனிக்கிழமைக் கூட்டம். பஸ்ஸை நோக்கி நடந்தபோதே அண்ணனின் கால் பின்னியது. நான் பிடிப்பதற்குள் அப்படியே சரிந்தார். முகம் வெளுத்து, வேர்த்துக் கொட்டியது. அக்காவும் நானும் தூக்கி பெஞ்சில் கிடத்தினோம். பக்கத்தில் பை வைத்துக்கொண்டு நின்றவன் தன் பெண்டாட்டியிடம் சொன்னான். "ஃபுல்லா ஏத்திட்டு வந்துட்டான் பாரு. அந்தப் பொம்பளை பாவம்."

எனக்குக் கண் இருட்டிவிட்டது. பாய்ந்து போய் அவன் சட்டையைப் பிடித்தேன். "யாருடா குடிச்சவன்? டேய், யாரைடா சொன்னே? வாயில போட்டேன்னா பல்லு இருக்காது!" அவன் பெண்டாட்டி அலறினாள். கூட்டம் கூடியது. என் கையை யாரோ பிடித்து இழுத்தார்கள். பார்த்தால் அக்கா.

"விடுங்க அவரை."

"அக்கா, இவன் என்ன சொன்னான்னு கேட்டீங்களா?"

"கேட்டுச்சு. அவரு கண்ணுக்குத் தெரிஞ்சதைச் சொன்னாரு. தெரியாம சொன்னாரு." என்னை நேராகப் பார்த்தார். "நீங்க தெரிஞ்சே பொய் சொன்னீங்க. நான் உங்க சட்டையைப் பிடிச்சேனா?"

நான் அவன் சட்டையை விட்டேன்.

பெஞ்சில் அண்ணன் லேசாகக் கண்ணைத் திறந்தார். "யாருப்பா எனக்காகச் சண்டை போடறது? ஜெயசீலனா? குழி முடிஞ்சுதா?" என்றார். அக்கா அவர் நெற்றியைத் தன் முந்தானையால் துடைத்தார். பஸ்ஸில் ஒருவர் இடம் கொடுத்தார். அண்ணன் என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தார்.

அடுத்த செவ்வாயும் பஸ்தான். புதன்கிழமை காலை வேலை முடிந்தது. செம்புக் கம்பி, புது ஜாயின்ட், எல்லாம் தயார். அந்த இரண்டு அங்குல வயரை வெங்கடாசலம் சார் மேஜை மேலேயே வைத்துவிட்டேன். சார் அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "இத்துனூண்டு" என்றார். அப்புறம் அக்காவைப் பார்த்து, "ரீடிங் காட்டும்மா, பார்க்கலாம்" என்றார்.

பேக்கிங் ரூமில் எல்லோரும் நின்றார்கள். அக்கா காரில் வயரைச் சொருகிவிட்டு உள்ளே வந்தார். நான் மீட்டரை எடுத்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை. உப்புத் தண்ணீர் வாளியில் இரண்டு கையையும் முக்கினார். செருப்பைக் கழற்றினார். ஈரத் தரையில் நின்று பிரியங்காவின் மெஷின் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டார்.

"சுவிட்சைப் போடுங்க" என்றார்.

மீட்டரில் காலையிலேயே பத்துத் தடவை பார்த்துவிட்டேன். எல்லாம் சரி என்று எனக்குத் தெரியும். இருந்தும் சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு அவரைத் திரும்பிப் பார்த்தேன். போட்டேன். வெளியே காரில் பச்சை எரிவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அக்கா கையை எடுக்கவில்லை. ஒரு நிமிஷம் இருக்கும்.

"ஒண்ணும் இல்ல" என்றார். "இப்ப மீட்டர் வைங்க."

மூன்று தடவை வைத்தேன். மூன்று தடவையும் ஒரு வோல்ட். வெங்கடாசலம் சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சரி, போட்டுக்க" என்று சொல்லிவிட்டு ரூமுக்குப் போனார். பெண்கள் வேலைக்குத் திரும்பினார்கள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு லேபிலிருந்து அந்த நோட்டைக் கொண்டு வந்தார். கடைசிப் பக்கத்தைத் திறந்து, பேனாவோடு என் முன்னால் வைத்தார்.

"நீங்க எழுதுங்க."

அதுவரை அந்த நோட்டில் வேறு யாருடைய கையெழுத்தும் விழுந்ததில்லை. நான் தேதி போட்டேன். 'எர்த் இருக்கிறது' என்று எழுதினேன். அக்கா குனிந்து படித்தார். தலையை ஆட்டினார்.

"இருக்குன்னு எழுதறது ரீடிங் இல்ல தம்பி. அன்னைக்கும் இருக்குன்னுதான் சொன்னீங்க. நம்பர் போடுங்க."

நம்பர் போட்டுக் கையெழுத்துப் போட்டேன். இப்போதும் திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்கு நான் மீட்டர் வைத்து, மூன்று தடவை பார்த்து, நம்பர் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அதைப் படித்த பிறகுதான் அக்கா டிக்கியைத் திறந்து வயரை எடுக்கிறார்.